ஷெஃபீல்ட் ஆட்களுக்கு ஒரு பூசை

எனக்கு வாய் குறைவு. பலெர்மோவுக்கு வந்து இருபது வருடம் கடந்தும் பேக்கரியில் இன்ன பாண் வேண்டும் என்று கேட்க மாட்டேன், விரலால் காட்டுவேன். விரலுக்கு நேரே இருப்பதைத் தருவார்கள். எள்ளுப் போட்ட பாண் எனக்குப் பிடிக்காது. ஆனால் வருடக்கணக்காக அதைத்தான் சாப்பிட்டு வருகிறேன். கேட்க வேண்டிய ஒன்றைக் கேட்காமல் விட்டதால் அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று எனக்கு வந்தது.

ஒரேத்தோப் பக்கம் ஒரு நாலாம் மாடியில் தனியாக இருந்த வெள்ளைக்காரர் ஒருவரின் வீட்டில் ஆகஸ்ட் கடைசியில் வேலைக்குச் சேர்ந்தேன். அவருக்கு எழுபது வயதுக்கு மேல். இங்குள்ள பள்ளிக்கூடங்களில் இங்கிலீஷ் படிப்பித்து ஓய்வு பெற்றவர், கலியாணம் கட்டாதவர். நான் சமைத்து, கூட்டித் துடைத்து, உடுப்புத் தோய்த்துக் கொடுக்க வேண்டும். மூன்று மாதம் பார்ப்போம், சரிவந்தால் கொன்றாத்தோவில் கையெழுத்து வைக்கிறேன் என்றார். எனக்கு அந்தக் கையெழுத்துத்தான் உயிர். டிசம்பரில் என் பெர்மெசோ, இங்கே தங்குகிற அனுமதி, முடிகிறது. வேலை ஒப்பந்தம் இல்லாமல் குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலகத்தில் போய் நின்றால் புதுப்பித்துத் தர மாட்டார்கள்.

கீழே வாசல் பார்க்கிற பெண் முதல் நாளே என்னைப் பயமுறுத்தி விட்டாள். எனக்கு முன் வேலைக்கு நின்ற மூன்று பேரையும் இசைத்தட்டுகளை இடம் மாற்றியதற்காக அவர் அனுப்பிவிட்டாராம். அன்றே முடிவெடுத்தேன்: எதையும் நகர்த்துவதில்லை, எதையும் கேட்பதில்லை.

அந்த வீட்டு நடையில் ஒரு சுவர் முழுக்கப் படங்கள். பத்தொன்பது படங்கள், எல்லாம் கறுப்புச் சட்டம். அநேகமாக இளம் ஆட்கள், கறுப்பு உடுப்பு, ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. ஒவ்வொன்றின் கீழும் கையால் எழுதிய ஒரு பெயர், ஒரு வருடம். எங்கள் ஆட்களின் வீடுகளில் சட்டம் போட்டு, கீழே வருடம் எழுதி மாட்டிய படம் என்றால் அது யாருடைய படம் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. மன்னாரில் அப்படி எத்தனையோ சுவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். பின்னேரத்தில் அவர் அந்தச் சுவருக்கு எதிரே நாற்காலி போட்டு, காதில் பெரிய ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். சில நாள் கண் ஓரம் நனைந்திருக்கும். நான் துடைப்பத்தை ஓசைப்படாமல் எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விடுவேன்.

ஒருநாள் நான் தூசு தட்டுவதைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் பேசுவது இத்தாலியன், அவருடையது படித்த இத்தாலியன், என்னுடையது சந்தை இத்தாலியன். அதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"எல்லாரும் என்ரை ஊர் ஆக்கள், சிஞ்ஞோரா. ஷெஃபீல்ட்."

ஷெஃபீல்ட் எனக்குத் தெரிந்த பெயர்தான். வீட்டில் இறைச்சி வெட்டும் கத்தியில் அந்தப் பெயர் அடித்திருந்தது. ஒரே ஊரில் இத்தனை இளம் உயிர்களா என்று மனதுக்குள் ஒரு செபம் சொன்னேன். எப்படி என்று கேட்க வாய் வரவில்லை.

நவம்பர் வந்தது. மாதா கோயிலில் நடக்கும் எங்கள் தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்கள் அந்த மாதம் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயரைக் கொடுப்போம். கோயில் காரியங்களைப் பார்க்கிற அக்கா ஒருவர் ஒரு கொப்பியில் எழுதுவார், சுவாமி பூசையில் வாசிப்பார். நான் என் ஆட்களின் பெயர்களைச் சொல்லி முடித்ததும் அந்த மனிதரை நினைத்தேன். பூசை சொல்விக்க யாரும் இல்லாதவர். அடுத்த நாள் மதியம் அவர் நித்திரை கொள்ளும் நேரத்தில், சூப்பர்மார்க்கெட் விளம்பரத் தாளின் பின்பக்கத்தில் பத்தொன்பது பெயர்களையும் வருடங்களையும் எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதி, நாலு பேர் ஒன்றாக நின்ற படத்துக்கு 'நாலு பேர்' என்றும் குறித்தேன்.

தாளைப் பார்த்த அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார்.

"இதென்ன பிள்ளை, இது ஆள் பேரோ, கடைப் பேரோ?"

"அப்பிடித்தான் எழுதிக் கிடக்கு, அக்கா."

"வெள்ளைக்காரர் பிள்ளையளுக்கு என்ன பேரும் வைப்பினம். சரி, இந்தப் பேருக்கு நாலு பேர் எண்டு குறிச்சிருக்கிறாய். ஒரு பேர்தானே தந்திருக்கிறாய்?"

"கீழை ஒண்டுதான் இருந்தது."

"அப்ப அது குடும்பப் பேர். நாலு சகோதரங்களும் ஒரே வருசத்திலையோ? ஐயோ மாதாவே, பெத்தவள் என்ன பாடு பட்டிருப்பாள்!"

அக்கா 'குடும்பத்தினர் நால்வர்' என்று அழகாக எழுதி, கீழே கோடும் போட்டார்.

சனிக்கிழமை கோப்பை கழுவி முடித்து, மூன்று தரம் கதவு வரை போய்த் திரும்பி வந்து, ஒருவாறு அவரிடம் சொன்னேன். நாளைக்கு எங்கள் கோயிலில் செத்த ஆட்களுக்குப் பூசை, உங்கள் ஆட்களையும் சேர்த்திருக்கிறேன், விருப்பம் என்றால் வாருங்கள்.  தன் தாய் தகப்பனைத்தான் சொல்கிறேன் என்று நினைத்தாராம். "கட்டாயம் வாறன்" என்றார்.

கழுத்துப்பட்டி கட்டி, சப்பாத்து மினுக்கி வந்தார். எனக்குப் பக்கத்தில் இருந்தார். தமிழ் ஒரு சொல்லும் விளங்காது, ஆனாலும் எழும்பும்போது எழும்பி, முழங்காலில் நிற்கும்போது நின்றார். மன்றாட்டு நேரம் வந்தது. சுவாமி எங்கள் ஆட்களின் பெயர்களை வாசித்துவிட்டு, தொண்டையைச் செருமி, ஷெஃபீல்டுக்குள் இறங்கினார்.

முதல் பெயருக்கு என் பக்கத்தில் இருந்தவர் தலையை நிமிர்த்தினார். இரண்டாவதுக்கு என்னைப் பார்த்தார். மூன்றாவதுக்கு, முன்வரிசை வாங்குப் பலகையைப் பிடித்துக்கொண்டார். "குடும்பத்தினர் நால்வர்" என்ற இடத்தில் முகத்தைக் கைக்குட்டைக்குள் புதைத்தார், தோள் குலுங்கத் தொடங்கியது. பத்தொன்பதாவது பெயர் வரை அது நிற்கவில்லை. பின்னால் இருந்து ஒரு கை டிஷ்யூப் பைக்கற்றை நீட்டியது. ஒருவர் தண்ணீர்ப் போத்தலோடு வந்தார். சனம் முழுக்க, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று வழக்கத்தைவிட உரத்துச் சொன்னது. நானும் அழுதேன்.

பூசை முடிய, வாசலில் துக்கம் விசாரிக்க வரிசை நின்றது.

"ஒரே ஊரிலை இத்தனை சாவோ? குண்டு விழுந்ததோ?"

"கத்தி செய்யிற ஊரெல்லே. ஆளுக்காள் வெட்டிச் செத்திருப்பினம்."

"சும்மா இரும். அந்தாளுக்கு முன்னாலை கதைக்கிற கதையோ?"

"அந்தாளுக்குத் தமிழ் தெரியுமே?"

அவர் ஒவ்வொருவர் கையையும் பிடித்து "கிராட்சியே, கிராட்சியே" என்றார். ஒருவர் இத்தாலியனில், எல்லோரும் எப்படிப் போனார்கள் என்று கேட்டுவிட்டார். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு விதமாய்" என்றார்.

பஸ் தரிப்பில்தான் வாய் திறந்தார்.

"சிஞ்ஞோரா, அந்தச் சுவரைப் பாத்தோ பேர் எழுதினீங்கள்?"

"ஓம்."

"அவை பாட்டுக்காரர். பதினாறு படம் உயிரோடை இருக்கிற ஆக்களின்ரை. ஒருத்தர் போன கிழமையும் மேடையிலை பாடினவர்."

"கீழை வருசம் போட்டிருக்கே?"

"அது நான் அவையை முதல் முதல் நேரிலை பாத்த வருசம்."

பாட்டுக்காரர் என்றால் கையில் ஒரு கிற்றாராவது இருக்க வேண்டாமா? ஒருவர் கையிலும் ஒன்றும் இல்லை. நான் நிலத்தைப் பார்த்தபடி நின்றேன். அவருக்கு மறுபடி தோள் குலுங்கியது. அது சிரிப்பு. கோயிலில் குலுங்கியதும் சிரிப்புத்தான்.

அவர் சிரித்தது எனக்கு ஆறுதலாக இல்லை. இசைத்தட்டை நகர்த்தியவர்களையே அனுப்பியவர், ஆட்களையே பரலோகம் அனுப்பியவளை வைத்திருப்பாரா? திங்கட்கிழமை, அவர் கேட்கும் முன் கொடுத்துவிடலாம் என்று வீட்டுக் கதவுத் திறப்பைக் கையில் பிடித்தபடி படி ஏறினேன்.

மேசையில் பத்தொன்பது பெயர்களையும் சுவாமி வாசித்த மாதிரியே எழுதி, வாத்தியார் போலச் சிவப்புப் பேனையால் திருத்தி வைத்திருந்தார். இருங்கோ என்றார். ஹெட்போனை என் தலையில் மாட்டினார். அந்த வீட்டில் மூன்று மாதமாக நான் கேட்காத சத்தத்தை அன்றுதான் கேட்டேன். ஒரு பாட்டில் இரும்பை இரும்பால் அடிக்கிற மாதிரி மெசின் சத்தம். சின்ன வயதில் கட்டிலில் படுத்துக்கொண்டு உருக்காலைச் சம்மட்டியைக் கேட்டு வளர்ந்தோம், அந்த அடிதான் இது என்றார். இன்னொன்றில் தொண்டை கட்டினவர் மாதிரி ஒருவர் கெஞ்சிக் கெஞ்சிப் பாடினார். வேறொன்று டாக்சிக்குக் காத்து நிற்பதைப் பற்றியதாம். ஒவ்வொரு பாட்டுக்கும் விரலை நீட்டிப் படத்தைக் காட்டினார்.

"இவர் உயிரோடை. இவரும் உயிரோடை. இவர் உயிரோடைதான், ஆனால் கடைசியாய்ப் போட்ட தட்டைக் கேட்டால் நீங்கள் எழுதினது சரி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தத் தைரியத்தில் ஒரு கேள்வி கேட்டேன்: "ஏன் ஒருத்தரும் சிரிக்கேல்லை?"

"எங்கட ஊரிலை படத்துக்குச் சிரிச்சால் மற்றவை பகிடி பண்ணுவினம்."

பிறகு சொன்னார், இந்தப் பலெர்மோவில் நாற்பது வருடமாக இந்த ஆட்களைப் பற்றி எல்லோருக்கும் சொல்லிப் பார்த்திருக்கிறார், கேட்டவர்கள் கொட்டாவி விட்டார்கள். நேற்று ஒரு கோயில் சனம் அவர்களுக்காக எழும்பி நின்றது. சொல்லிக்கொண்டே கொன்றாத்தோவை எடுத்துக் கையெழுத்து வைத்தார். நான் திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

ஆனால் உயிரோடு இருப்பவர்களைச் செத்தவர்களோடு விட்டு வைப்பது பாவம் அல்லவா? அடுத்த ஞாயிறு அக்காவைத் தேடிப் போனேன்.

"அக்கா, அவை சாகேல்லை."

"ஆர்?"

"ஷெஃபீல்ட் ஆக்கள். மூண்டு பேரைத் தவிர."

அக்கா மறுபடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொப்பியைத் திறந்து, ஒவ்வொரு பெயராக நான் சொல்லச் சொல்ல வெட்டினார். கோடு போட்ட இடத்தில் பேனை நின்றது.

"இந்த நாலு பேர் குடும்பமுமோ?"

"அவை குடும்பமில்லை அக்கா, ஒரு பாட்டுக் கோஷ்டி. நாலு பேரும் இருக்கினம். சண்டை பிடிச்சுப் பிரிஞ்சிட்டினம். ஆளோடை ஆள் முகம் பாக்கிறதில்லையாம்."

"அதை முதலே சொல்லுறதெல்லே?" என்று அந்தப் பெயரையும் வெட்டி, கொப்பியின் வேறு பக்கத்தைப் புரட்டினார். அங்கே 'பிரிந்திருக்கும் குடும்பங்களின் சமாதானத்துக்காக' என்ற தலைப்பின் கீழ், எங்கள் ஆட்கள் சிலரின் வீட்டுப் பெயர்களுக்கு அடுத்ததாக, அந்த நாலு பேரையும் எழுதினார்.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். இம்முறை அவர் சிரிக்கவில்லை. சுவரில் அந்தப் படத்தையே பார்த்தார்.

"அது நடந்தால் நான் உங்கட வேதத்துக்கு மாறுறன், சிஞ்ஞோரா."

இன்னும் நடக்கவில்லை. அக்கா மாதத்துக்கு ஒருதரம் சுவாமியிடம் வாசிக்கக் கொடுக்கிறார்.