இடப்பக்கமாகச் சுற்றும் கணக்கு

அருணாதேவி அக்கா எங்கள் டுடோரியலுக்கு வந்த முதல் நாள், நாங்கள் எல்லாரும் எழுந்து நின்று "குட் மார்னிங் மிஸ்" என்றோம். நூல் புடவை, தோளில் ஜோல்னாப் பை, நெற்றியில் வியர்வையில் கரைந்த குங்குமம். வேறு என்ன நினைப்பது?

"உக்காருங்க, உக்காருங்க. நானும் ஃபெயிலுதான்" என்றார். என் பக்கத்தில் இருந்த சரசுவை இடுப்பால் ஒரு இடி இடித்துத் தள்ளிவிட்டு எங்கள் பெஞ்சில் உட்கார்ந்தார்.

அது 1996 ஜூலை. தேரடித் தெருவில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் எங்கள் டுடோரியல். ப்ளஸ் டூ கணக்கில் கோட்டை விட்டவர்கள் காலை ஏழு முதல் ஒன்பது வரை அங்கே உட்கார்ந்து மறுபடி கோட்டை விடப் பழகுவோம். எனக்கும் சரசுவுக்கும் அது முதல் தோல்வி. அக்கா முதன்முதலில் தோற்றது 1989 மார்ச்சில். கீழ்பென்னாத்தூரில் மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் வைக்கிற வீட்டுப் பெண். மற்ற ஐந்து பாடமும் பாஸ். கணக்கில் மட்டும் இருநூறுக்கு அறுபத்தொன்று. எழுபது வேண்டும். அடுத்த முறை ஐம்பத்தெட்டு, அதற்கடுத்து அறுபத்தாறு. இடையில் கல்யாணம், இரண்டு குழந்தைகள். பிறகு மறுபடி அறுபத்துமூன்று, அறுபத்தேழு என்று எழுபதின் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஆசிரியர் பயிற்சிக்குப் போகவேண்டும். ப்ளஸ் டூ பாஸ் இல்லாமல் விண்ணப்பமே தர மாட்டார்கள். போதாக்குறைக்கு அந்த வருஷம் பாடத்திட்டம் மாறியிருந்தது. 1997 மார்ச்தான் பழைய பாடத்துக்குக் கடைசித் தேர்வு. அதிலும் போனால் ஆறு பாடத்தையும் புதிதாக, முதலிலிருந்து எழுதவேண்டும். காலையில் டுடோரியல், பதினொரு மணியிலிருந்து செங்கம் ரோட்டில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் வேலை, அதற்குப் பிறகு வீடு என்று ஓடுகிறவர் ஆறு பாடத்தை எங்கே வைத்துப் படிப்பார்?

எங்கள் கணக்கு சார் பெயர் கோதண்டராமன். மூக்கிலிருந்து பேசுவார். ஒவ்வொரு விஷயத்தையும் "போதுமா?" என்று முடிப்பார். மைனஸ் ஒன்றின் வர்க்கமூலத்தை அவர் நடத்தியதை நான் இன்றைக்கும் அப்படியே செய்து காட்டுவேன்.

"மைனஸ் ஒண்ணுக்கு வர்க்கமூலம் கீதா, இல்லியா? கெடயாது. கெடயாதுன்னு உட்டுடுவோமா? உட மாட்டோம். i-ன்னு ஒரு பேர வெச்சு உக்கார வெச்சுடுவோம். போதுமா?"

போதாது. எங்களுக்குப் போதவே போதாது. ஆனால் அக்கா தலையாட்டிக்கொண்டு எழுதினார். இருபடிச் சமன்பாடு என்றால் அவர் கை தானாகவே ஓடும். x² − 2x + 2 = 0 என்று சார் பலகையில் முடிக்கும் முன்பே, சூத்திரத்தைப் போட்டு, வர்க்கமூலத்துக்குள் நான்கில் எட்டுப் போய் மைனஸ் நான்கு என்று கண்டு, 1 + i, 1 − i என்று இரண்டு மூலங்களையும் எழுதி அடியில் கோடு இழுத்திருப்பார்.

"பத்தாவதுல இங்க வந்ததும் 'மெய்யான மூலங்கள் இல்லை'ன்னு எழுதிட்டு பேனாவ மூடிடுவோம். கதவு மூடிக்கிச்சுன்னு நெனச்ச எடத்துல ஒரு ரூம் கீது பாரு" என்பார்.

அந்த அறைக்குள்தான் வம்பு இருந்தது. மூலத்தைக் கண்டுபிடித்தால் மட்டும் விட மாட்டார்கள். 1 + i-ஐ ஐந்து முறை பெருக்கு என்பார்கள். அதற்கு வரைபடம் போடவேண்டும். சாதாரண எண்கள் வலமிடமாகப் படுத்திருக்கும். i எண்கள் மேலும் கீழுமாக நிற்கும். i-யால் ஒரு தடவை பெருக்கினால் எந்த எண்ணும் கால் வட்டம் திரும்பும். சார் இதை மூன்று வாரம் நடத்தினார். நாங்கள் மூன்று வாரமும் கரும்பலகையின் ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அக்கா மூன்று நிமிஷத்தில் சொல்லிக்கொடுத்தார். ரீஃபில் பேனாவால் தன் உள்ளங்கையில் ஒரு வட்டம் போட்டார்.

"நடுவுல மலை. வலப்பக்கம் கெழக்கு, இந்திரலிங்கம். ஒண்ணு அங்க நிக்குது. i-யால பெருக்கினா கால் சுத்து. இன்னொரு வாட்டி பெருக்கு. அரை சுத்து. எங்க வந்துட்ட?"

"வருணலிங்கம்" என்றாள் சரசு.

"இந்திரனுக்கு நேர் எதிர்ல. ஒண்ணுக்கு நேர் எதிர் மைனஸ் ஒண்ணு. அதாண்டி i இண்டு i மைனஸ் ஒண்ணு."

எங்களுக்குப் புல்லரித்துவிட்டது. எங்கள் ஊர் மலையைச் சுற்றி, நடந்து கும்பிடுகிற பாதையில், எட்டுத் திசைக்கு எட்டு லிங்கம். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நாற்பத்தைந்து டிகிரி. 1 + i-யின் கோணமும் நாற்பத்தைந்து. ஐந்து முறை பெருக்கவேண்டுமா, இந்திரலிங்கத்தில் கிளம்பி ஐந்து லிங்கம் நட. எங்கே நிற்கிறாயோ அதுதான் விடையின் திசை. நீளத்தைத் தனியாகப் பெருக்கிக்கொள்ளலாம். பதினேழு வயதில் ஒரு பௌர்ணமிக்கு நடந்தபோது அக்கா கண்டுபிடித்த வழி அது.

டிசம்பரில் மாதிரித் தேர்வு. 1 + i-யின் ஐந்தாம் அடுக்கு வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு அக்கினி, எமன், நிருதி, வருணன், வாயு என்று நடந்தேன். வாயுலிங்கம் வடமேற்கு. வரைபடத்தில் இடப்பக்கம் மேலே. −4 + 4i என்று எழுதிவிட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறையாக வெளியே வந்தேன்.

மறுநாள் சார் மூன்று விடைத்தாள்களை எங்கள் பெஞ்சின் மேல் அடித்தார்.

"யாரு யாரப் பாத்து எழுதினது?"

"யாரும் பாக்கல சார்."

"சரியான வெட மைனஸ் நாலு மைனஸ் நாலு i. மூணு பேரும் மைனஸ் நாலு ப்ளஸ் நாலு i. மூணு பேருக்கும் ஒரே எடத்துல கை தவறுச்சா? ஏம்மா அருணாதேவி, நீ ரெண்டு புள்ள பெத்தவ. சின்னப் பொண்ணுங்களயும் கெடுத்துக்கினு. இன்னொரு வாட்டி இப்டி நடந்துச்சு, மூணு பேரும் மாடி ஏற வேணாம். போதுமா?"

சரசு அழ ஆரம்பித்தாள். அக்கா மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்தார்.

"சார், ஏழு வருசமா எனக்கு இந்த ப்ளஸ் மைனஸ் சைனு தப்பாதான் வருது. கவனம் கம்மி, கவனம் கம்மின்னாங்க. நானும் கவனம் கம்மின்னே நெனச்சேன். கவனக்கொறவு மூணு பேருக்கு ஒரே மாதிரி வருமா சார்?"

"அதான் வந்துகீதே!"

"அப்ப அது கவனக்கொறவு இல்ல. காப்பியும் இல்ல. நான் இவங்களுக்குச் சொல்லிக்குடுத்த வழியில தப்பு கீது. எங்கன்னு கண்டுபுடிச்சிட்டு வரேன் சார்."

அன்று சாயங்காலம் எங்கள் இரண்டு பேரையும் பூத்துக்கு வரச் சொன்னார். பழைய நோட்டுகளைக் கட்டாக எடுத்து வந்திருந்தார். 1989-லிருந்து எழுதிய மாதிரித் தேர்வுகள். பாஸானதும் எரித்துவிடலாம் என்று வைத்திருந்தாராம். தப்பான கணக்குகளை மட்டும் ஒரு தாளில் எடுத்து எழுதச் சொன்னார். நடுநடுவே வாடிக்கையாளர்கள் வேறு. "மேடம், ஹலோ, லைன் கட்" என்று ஒரு வெள்ளைக்காரர் கண்ணாடிக் கதவைத் தட்டினார். "கட் இல்லீங்க, என்கேஜ்டு" என்று சொல்லிவிட்டு அக்கா பக்கத்தைப் புரட்டினார்.

எழுத எழுத ஒரு விஷயம் தெரிந்தது. இந்திரலிங்கத்திலோ வருணலிங்கத்திலோ போய் முடிந்த கணக்கெல்லாம் சரி. வேறு எங்கே முடிந்தாலும் தப்பு. மேலே இருக்கவேண்டியது கீழே, கீழே இருக்கவேண்டியது மேலே.

"லிங்கம் வேணாம். கையால பெருக்கிப் பாப்போம்" என்றார் அக்கா. 1 + i-ஐ 1 + i-யால் பெருக்கினார். ஒன்று, இரண்டு i, i வர்க்கம் மைனஸ் ஒன்று. ஒன்றும் மைனஸ் ஒன்றும் அடிபட்டு 2i. வரைபடத்தில் 2i நேர் மேலே. மேலே என்றால் வடக்கு, குபேரலிங்கம்.

"இப்ப நடந்து பாரு. இந்திரன்லருந்து ரெண்டு லிங்கம்."

"அக்கினி, எமன்" என்றேன். எமலிங்கம் தெற்கு. நேர் கீழே.

அக்கா பேனாவைக் கிழக்கில் வைத்து வடக்குக்கு மெதுவாகத் திருப்பினார். மறுபடி வைத்து மறுபடி திருப்பினார்.

"அய்யய்யோ. இது எடப்பக்கமா சுத்துதுடி!"

எங்கள் ஊரில் எதுதான் இடப்பக்கம் சுற்றும்? சாமியை வலம் வருவோம், மணமேடையை வலம் வருவோம், கற்பூரத் தட்டை வலமாகச் சுற்றுவோம். கணக்கு மட்டும் எதிரில் வரும் என்று யாருக்குத் தோன்றும்? சமன்பாட்டில் தப்பு தெரியாமல் போனதற்கும் காரணம் கிடைத்தது. 1 + i-க்கும் 1 − i-க்கும் மேல் கீழ்தான் வித்தியாசம். இரண்டும் சேர்ந்தேதான் விடை. இடம் மாறி எழுதினாலும் அதே ஜோடிதான். தப்பு ஏழு வருஷம் அந்த ஜோடிக்குள் சௌகரியமாகக் குடியிருந்திருக்கிறது.

"அவ்ளோதானேக்கா? இனிமே திருப்பிப் போட்டுக்கலாம்" என்றாள் சரசு.

அவ்வளவு சுலபமாக இல்லை. அடுத்த வாரம் சார் வைத்த சின்னப் பரீட்சையில் அக்கா மறுபடி வாயுலிங்கத்தில் போய் நின்றார். அவசரத்தில் மனசு பழைய பாதையில் ஓடிவிட்டது. தாளை மடித்து ஜோல்னாப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்.

"தலைக்குத் தெரிஞ்சிபோச்சு. காலுக்குத் தெரியல. காலுக்குச் சொல்லிக்குடுத்துட வேண்டியதுதான்."

மலையை எதிர்ப்பக்கமாக, பதினாலு கிலோமீட்டரும் நடப்பது என்று முடிவு செய்துவிட்டார். வீட்டில் அவர் மாமியார் காசியம்மாள் போட்ட சத்தம் எதிர் வீட்டுக்காரர்களையும் வெளியே கொண்டுவந்தது. அப்போது நான் அங்கேதான் இருந்தேன்.

"மலைய யாராச்சும் எதிர்ல சுத்துவாங்களாடி? ஊரு இன்னா பேசும்?"

"நான் சுத்தல அத்தே. படிக்கிறேன்."

"படிக்கிறதுன்னா வூட்ல உக்காந்து படி!"

"வூட்ல உக்காந்து ஏழு வருசம் படிச்சாச்சு அத்தே."

அக்காவின் வீட்டுக்காரர் சகாதேவன், கீழ்பென்னாத்தூருக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறவர். சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"யம்மா, மலை சுத்துற பாதையில, செங்கம் ரோட்டுல இருக்கறவன் மளிகைக் கடைக்கு எதிர்லதான் வரான். அவன் இன்னா கெட்டா பூட்டான்?"

"அவன் சாமி கும்புட்டுக்கினு வரல. செருப்ப மாட்டிக்கினு, பைய ஆட்டிக்கினு வரான்."

சொல்லிவிட்டு காசியம்மாள் கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றார். எந்தக் கோர்ட்டிலும் கிடைக்காத தீர்ப்பு அடுத்து வந்தது.

"செருப்பு போட்டுக்கினு போ. வெறுங்காலோட போனாதான் சுத்தறது. செருப்பு போட்டா அது சும்மா நடக்கறது. எந்த லிங்கத்தாண்டயும் கன்னத்துல போட்டுக்காத. நேரா பூடு."

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் செருப்போடு கிளம்பினோம். இந்திரலிங்கத்திலிருந்து வடக்கே திரும்பி ஈசான்யம். "ஒண்ணு ப்ளஸ் i" என்றார் அக்கா. குபேரலிங்கம் வந்ததும் "ரெண்டு i." எதிரில் வெறுங்காலோடு வந்தவர்கள் எல்லாரும் எங்களுக்கு வழி சொன்னார்கள். "யம்மா, வழி தப்பு, அப்டி திரும்பு!" பூ விற்கிற வெள்ளையம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டே கேட்டார்: "ஏம்மா, வெளியூரா? கோபுரம் அந்தாண்ட கீது."

"உள்ளூருதாங்க. வாயு வரப்போவுது, மைனஸ் ரெண்டு ப்ளஸ் ரெண்டு i" என்றபடி அக்கா நடந்தார். வெள்ளையம்மாள் எங்களைப் பார்த்த பார்வையை என்னால் செய்து காட்டத்தான் முடியும், எழுத முடியாது. வருணலிங்கத்தில் மைனஸ் நான்கு. நிருதிலிங்கத்தில் அக்கா நின்று, காலால் தரையை ஒரு தட்டுத் தட்டினார்.

"மைனஸ் நாலு மைனஸ் நாலு i. இங்கதான் வரணும். பாத்துக்கோ காலே."

நானும் சரசுவும் இரண்டு ஞாயிறோடு விட்டுவிட்டோம். அக்கா மார்ச் வரை எட்டு ஞாயிறு நடந்தார். கடைசி இரண்டு முறை, எதிரில் வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்றே காதில் விழவில்லை என்றார்.

தேர்வு மண்டபத்தில் அவர் எனக்கு இரண்டு வரிசை முன்னால். வினாத்தாளில் x² − 2x + 2 = 0 வந்தது. இரண்டு மூலங்களையும் ஐந்தாம் அடுக்குக்கு உயர்த்தி, 1 + i-யுடையதிலிருந்து 1 − i-யுடையதைக் கழிக்கச் சொல்லியிருந்தார்கள். கூட்டச் சொன்னால் மேல் கீழ் மாறினாலும் தப்பிக்கலாம். கழித்தால் தப்பிக்க முடியாது. அக்காவைப் பார்த்தேன். தலை அசையவில்லை. பெஞ்சுக்கு அடியில் இடது கால் மட்டும் தரையில் தட்டியது. ஐந்து தட்டு.

"கால ஆட்டாதம்மா" என்றார் கண்காணிப்பாளர்.

"முடிஞ்சிடுச்சு சார்" என்று எழுத ஆரம்பித்தார்.

எனக்கு எழுபத்தொன்று. சரசுவுக்கு எழுபத்தொன்பது. அக்காவுக்கு எண்பத்துமூன்று. கோதண்டராமன் சார் மதிப்பெண் பட்டியலை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ம்" என்றார். போதுமா என்று கேட்க மறந்துவிட்டார்.

பயிற்சிப் பள்ளி விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கும் அன்று அக்காவோடு நானும் போயிருந்தேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா படிவத்தில் விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் நிறுத்தினார். எத்தனை முறையில் தேர்ச்சி என்று கேட்டிருந்த கட்டம்.

"ஒம்பதுன்னு போட்டுகீறியேம்மா. பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க? வேற படிவம் தரேன், 'பல முறை'ன்னு போட்டுடு."

"பரீட்சை எழுதினது நான்தாங்க. ஒம்பது வாட்டியும் பேனா புடிச்சது இந்தக் கைதான்" என்றார் அக்கா. "ஒம்பதுன்னே இருக்கட்டும். சீல் போடுங்க."

அவர் அக்காவை ஒரு பார்வை பார்த்தார். சீலை மைப்பெட்டியில் ஒற்றி எடுத்து அழுத்திப் போட்டார்.