கொள்ளு மிதித்த மோட்டார் சைக்கிள்

இன்று காலை துறைமுகத்துக்கு வேலைக்குப் போகையில், மாப்பிள்ளையூரணி வளைவில் மோட்டார் சைக்கிளோடு விழுந்தேன்.

ரோடு முழுக்கக் கொள்ளுச் செடியைப் பரப்பியிருந்தார்கள். போகிற வண்டிகள் மிதித்து மணி உதிர வேண்டுமாம். உதிர்ந்த மணியில் என் சக்கரம் வழுக்கிவிட்டது.

குடை பிடித்து உட்கார்ந்திருந்த பண்ணையார் ஓடிவந்தார். என்னைத் தூக்க அல்ல, சிதறிய கொள்ளு மணியைக் கூட்டி அள்ள.

"ரோடு என்ன உம்ம களமா, அண்ணாச்சி?" என்றேன். முழங்காலில் ரத்தம்.

"ரெண்டு சக்கரத்துல வந்தா காய் எப்பிடி உடையும்வே? பஸ்ஸுன்னா ஒரே மிதியில முடிச்சிருக்கும்" என்றார். "சரி, திரும்பும்போது அந்த ஓரமா வாரும். அங்கன இன்னும் மிதிபடல."

களத்தில் சுற்றுகிற மாட்டுக்காவது சாயங்காலம் பருத்திக்கொட்டை வைப்பார்கள். அந்த வழியாகப் போகும் நண்பர்களே, நமக்கு என்ன வைப்பார் என்று கேட்டுச் சொல்லுங்கள்.