கலங்கி வந்த பீலித் தண்ணீர்

இலங்கையில் ஹாலிஎல பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்தோம். அன்று மழை, வேலை இல்லை. காலையில், மலை ஊற்றிலிருந்து வரும் பீலிக் குழாயில் தண்ணீர் செம்மண்ணாகக் கொட்டியது. வழக்கம்போலத் துணியில் வடிகட்டிக் குடத்தை நிரப்பினேன்.

மதியம் உள்ளூர் டீவியில் மண்சரிவு எச்சரிக்கை. வாசித்த பெண்ணைப் பல வருஷமாகப் பார்க்கிறோம். "மழைன்னா இதையேதான் சொல்லுவாங்க" என்றார் என் வீட்டுக்காரர். அப்போது அந்தப் பெண் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார்.

"லயத்துல இருக்கவங்க கேளுங்க. பீலித் தண்ணி கலங்கி வந்தா வடிகட்டிக்கிட்டு நிக்காதீங்க. புள்ளைகளத் தூக்கிக்கிட்டு இப்பவே வெளியேறுங்க."

என்னையே பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. எல்லாக் கதவையும் தட்டினோம். லயமே பள்ளிக்கூடத்துக்கு ஓடியது. கொஞ்ச நேரத்தில் மலை சரிந்து எங்கள் வீடுகளை மூடிவிட்டது.

மறுநாள் டீவியில் பேசிய அந்தப் பெண்ணே மாற்றுத் துணி மூட்டைகளைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "நாங்க வடிகட்டுறது உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"எங்க லயம் சரிஞ்ச அன்னைக்கு எங்கம்மாவும் வடிகட்டிக்கிட்டுதான் இருந்தாங்க, அக்கா."



புது இடத்திலும் பீலித் தண்ணீர்தான். ஆனால் வடிகட்டுகிற துணி இப்போது என்னிடம் இல்லை. தண்ணீர் கலங்கினால் குடத்தை அங்கேயே போட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறேன்.