கிணற்றடி வரை தனியாக நடந்தார்

எண்பதுகளின் தொடக்கம். பங்குனி மாதத்து ஒரு காலைப் பொழுது. நானும் என் கணவரும் ஸ்ரீரங்கத்தில் விலைக்கு வந்திருந்த ஒரு வீட்டைப் பார்க்கப் போயிருந்தோம். 'பார்க்க' என்று சொல்கிறேனே தவிர, பார்க்க வேண்டியவள் நான் மட்டும்தான். முந்தைய வருடம்தான் அவருக்குப் பார்வை முழுவதுமாகப் போயிருந்தது. கண்ணில் அழுத்தம் கூடுகிற நோய். தலைவலி என்று மாத்திரை போட்டுக்கொண்டே நாட்களைக் கடத்திவிட்டோம். ரயில் பட்டறையில் ஓயாமல் ஓடியாடி வேலை பார்த்தவர், கட்டிலோடு முடங்கிப் போனார்.

அப்போது சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். ஆள் ஒருக்களித்துத்தான் ஏற வேண்டும், அவ்வளவு குறுகலான படி. ஒருமுறை அதில் உருண்டு விழுந்தவர், அதற்குப் பிறகு கீழே இறங்குவதையே விட்டுவிட்டார். நான் டீச்சர். வகுப்பில் நின்று பாடம் நடத்தினாலும் மனசு அந்தப் படிக்கட்டிலேயே கிடக்கும். சாப்பிட, குளிக்க, எல்லாவற்றுக்கும் அவருக்கு என் கை வேண்டியிருந்தது. அதில் எனக்குச் சிரமம் தெரியவில்லை. அவர் பேச்சு குறைந்துகொண்டே வந்ததுதான் பயமாக இருந்தது. ஒரு நாள் சோற்றைப் பிசைந்தபடி, "என்னை எங்கயாவது கொண்டுபோய் விட்டுடேன்" என்றார். கோபத்தில் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். உப்புப் போதவில்லை என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னார்.

வேலையை விட்டபோது அவர் கைக்கு வந்த பணத்தில், தரையோடு தரையாக ஒரு வீடு வாங்கிவிட வேண்டும் என்று அலைந்தேன். எந்த வீட்டுக்குக் கூப்பிட்டாலும் வர மாட்டார். "எனக்கு எல்லா வீடும் ஒரே இருட்டுதான். நீயே போய்ப் பாரு" என்பார். அன்று பக்கத்துப் போர்ஷனில் ஆள் இல்லாததால், தனியாக விட்டுப் போகப் பயந்து, வற்புறுத்தி அழைத்து வந்தேன். தண்ணீர் வற்றி மணலாகக் கிடந்த காவிரியைப் பஸ்ஸில் கடந்தபோதும் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தார்.

அந்த வீட்டுக்காரர் மனைவியை இழந்தவர். பம்பாயில் இருக்கும் மகனோடு போய்விடத் தீர்மானித்திருந்தார். எங்களைப் பார்த்ததும் சங்கடப்பட்டார்.

"தரகர் உங்ககிட்ட சொல்லலையா? நேத்திக்குத்தான் முசிறியில வாழைக்காய் வியாபாரம் பண்றவர் ஒருத்தருக்கு வாக்குக் கொடுத்தேன். அட்வான்ஸும் வாங்கிண்டாச்சு. வெயில்ல வந்திருக்கேளே, ஒரு வாய் மோர் சாப்ட்டுட்டுப் போங்கோ."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மோருக்காகத்தான் உள்ளே போனோம்.

வாசற்படி தாண்டியதும் என் கணவர் நின்றுவிட்டார். தலையைச் சற்றுச் சாய்த்து எதையோ உற்றுக் கேட்டார். பிறகு கையை ஒருமுறை தட்டினார்.

"வீடு நேரா உள்ள போகுது இல்ல? கடைசியில கிணறு இருக்கா?"

வீட்டுக்காரர் வியந்துபோனார். "ஆமாம்! எப்படிக் கண்டுபிடிச்சேள்?"

"உருளைச் சத்தம் கேட்டுது. யாரோ தண்ணி இறைக்கறாங்க." அப்படிச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "கையை விடு."

நான் விடவில்லை. "விடுன்னா" என்றார் மறுபடியும். அந்தக் குரலைக் கேட்டு எத்தனையோ மாதங்கள் ஆகியிருந்தன. விட்டேன்.

வலது கையால் சுவரைத் தடவிக்கொண்டே போனார். அந்தக் காலத்து ஸ்ரீரங்கத்து வீடு, ரயில் பெட்டிபோல் நீளமாக, ஒரே நேர்கோட்டில் இருந்தது. வெயில் முகத்தில் பட்டதும், "இது முற்றம்" என்றார். காலால் விளிம்பைத் தேடி, ஓரமாகவே சுற்றிக் கடந்தார். புகை வாசனை வந்த இடத்தில், "அடுப்படி" என்றார். அவர் சொல்லச் சொல்ல எல்லாம் சரியாக இருந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டு பின்னாலேயே போனேன்.

அந்த நேரத்தில்தான் முசிறிக்காரரும் அவர் மனைவியும் வந்து சேர்ந்தார்கள். பிள்ளைகளை டவுனில் படிக்க வைக்க அந்த வீட்டை வாங்குகிறார்களாம். கட்டில் எங்கே போடுவது, பீரோ எங்கே வைப்பது என்று பார்க்க வந்திருந்தார்கள். நாங்கள் வந்த விஷயத்தை வீட்டுக்காரர் அவர்களிடம் மெதுவாகச் சொன்னார். கண் போனதிலிருந்து இவர் இப்படித் தனியாக நடந்ததே இல்லை என்று நான் சொன்னேன்.

என் கணவர் அதற்குள் கொல்லைக்குப் போய்விட்டார். வேப்பம்பூ உதிர்ந்து கிடந்த தரையில் கால் வைத்து வைத்துக் கிணற்றை நெருங்கினார். தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த வேலைக்காரப் பெண் பதறி ஒதுங்கினாள். முசிறிக்காரர், "ஐயோ, பிடிங்க" என்று ஓடப் போனார். அவர் மனைவி அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

என் கணவர் இடுப்பளவு சுற்றுச்சுவரில் இரண்டு உள்ளங்கையையும் பதித்து நின்றார். பிறகு கையை உயர்த்தித் துழாவிக் கயிற்றைப் பிடித்தார். வாளி தண்ணீரில் விழும் ஓசை கேட்டது. நிதானமாக, கை மாற்றிக் கை மாற்றி இழுத்தார். வாளி மேலே வந்தது. தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டு சிரித்தார். சட்டையெல்லாம் நனைந்து, வாய்விட்டு, ஒரு பையனைப்போல் சிரித்தார்.

 

முசிறி அம்மாள்தான் முதலில் வாய் திறந்தார். தன் கணவரைக்கூடக் கேட்கவில்லை.

"சாமி, இந்த வீட்டை இவங்களுக்கே குடுத்துடுங்க. எங்களுக்குக் கண்ணு இருக்கு, எந்த வீட்டுலயும் நடப்போம். அவருக்கு இங்க நடக்க வருது."

முசிறிக்காரர் தோள்துண்டால் முகத்தைத் துடைத்தார். கொஞ்ச நேரம் கொல்லையையே பார்த்தார். அவருக்கு அந்த வீட்டின் மேல் எவ்வளவு ஆசை என்று அந்தப் பார்வையில் தெரிந்தது. "அவ சொன்னா சரிங்க" என்றார்.

நான் அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "எதுக்குங்க அழறீங்க? போய் அவருக்குத் தலையைத் துவட்டி விடுங்க" என்று முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டார்.

பங்குனியில் குடிபோகக் கூடாது என்பதால் சித்திரை பிறந்ததும் பால் காய்ச்சினோம். அவர்களும் ஒரு வாழைத்தார் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். பிறகு தில்லை நகரில் வேறு வீடு வாங்கினார்கள். என் கணவர் காலையில் தானே தண்ணீர் இறைத்துக் குளிப்பார். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது காப்பி போட்டு வைத்திருப்பார். சில மாதங்களில், பிரம்பு ஒன்றை வைத்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் போய்வர ஆரம்பித்தார். பழைய அரட்டையும் திரும்பி வந்தது. அந்த வீட்டில் நாங்கள் நெடுங்காலம் வாழ்ந்தோம்.

ஒரு வாளி தண்ணீர் மேலே வருவதற்குள், முன்பின் தெரியாத ஒருவருக்காகத் தன் குடும்பம் ஆசைப்பட்ட வீட்டையே விட்டுக்கொடுக்க ஒரு பெண்ணுக்கு எப்படி மனம் வந்தது என்று நினைத்தால் இப்போதும் எனக்குச் சிலிர்த்துவிடும். நாங்கள் வாழ்ந்தது விலைக்கு வாங்கிய வீட்டில் அல்ல, அந்த அம்மாளின் மனசுக்குள்தான் என்று தோன்றும்.