இரண்டு தாளில் மூன்று கீறல்

எங்கள் செராமிக் யூனிட்டில் ஜாடி வார்க்கிறவர்கள், மண் ஈரமாக இருக்கும்போதே அடிப்பக்கத்தில் அவரவர் அடையாளத்தைக் கீறிவிட வேண்டும். சூளையிலிருந்து வெளியே வரும்போது ஜாடி விரிசல் விட்டிருந்தால் யார் வார்த்தது என்று தெரிய வேண்டுமே. ஒருவர் வட்டம் போடுவார், ஒருவர் பெருக்கல் போடுவார். என்னுடையது மூன்று கோடு. மூன்றாவது கோடு கொஞ்சம் சாய்ந்திருக்கும். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். என் பெயரை எழுதியதைவிட இந்த மூன்று கோட்டைத்தான் அதிகமாகப் போட்டிருக்கிறேன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் மாட்டிக்கொண்டது இதனால்தான்.

விருத்தாசலம் நகராட்சியோடு சுற்றியிருக்கிற ஊராட்சிகளையெல்லாம் சேர்த்துப் பெரிய நகரமாக ஆக்கப்போகிறார்கள் என்ற பேச்சு டீக்கடையில்தான் என் காதில் முதலில் விழுந்தது. எங்கள் ஊர் ஒரு சின்னப் பாலத்துக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் நகராட்சி, இந்தப் பக்கம் ஊராட்சி. அங்கே தெருவிளக்கு எரியும். இங்கே எரிந்தாலும் எரியும். அங்கே குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர், இங்கே தினமும் வரும். சேர்ந்தால் நல்லதா கெட்டதா என்று டீக்கடையில் ஆளுக்கொன்று பேசினார்கள். நான் டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். எனக்கு உடனே என் மனைவியின் மூச்சுதான் ஞாபகத்துக்கு வந்தது.

அவளும் எங்கள் யூனிட்டில்தான் வேலை பார்த்தாள், பினிஷிங் மேசையில். காய்ந்த ஜாடியில் அச்சின் தையல் தெரியும் இடத்தைக் கத்தியால் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். நாள் முழுக்க மாவு மாதிரித் தூசி பறக்கும். ஒன்பது வருடம் அதில் உட்கார்ந்தவளுக்கு இருமல் பிடித்தது, பிறகு இழுப்பு. ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இனிமே அந்தத் தூசி பக்கமே போவக் கூடாதும்மா” என்றார். அன்றிலிருந்து அவளுக்கு நூறு நாள் வேலைதான். ஏரிக்கரை, வாய்க்கால், திறந்த வெளி, காற்று. இருமல் நின்றேவிட்டது என்று சொல்லமாட்டேன். குறைந்தது.

அந்த வேலை ஊராட்சிக்கு மட்டும்தான். நகராட்சி என்று ஆகிவிட்டால் கிடையாது. பிறகு அவள் எங்கே போவாள்? எங்கள் பக்கத்தில் படிக்காத பெண்ணுக்கு நிழலில் கிடைக்கிற வேலை பினிஷிங் மேசை ஒன்றுதான்.

இவ்வளவு தெரிந்தும் நான் சேர்க்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

யூனிட் முதலாளி தாளோடு வார்ப்பு மேசைக்கே வந்தார். “நம்ம ரோட்டு லச்சணத்த நீங்களே பாக்குறீங்க. மழ பேஞ்சா லாரி உள்ள வருதா? ஏத்துற ஜாடில பாதி குழியிலயே ஒடையுது. நகராட்சியில சேந்தா ரோடு வரும், சாக்கட வரும். எல்லாரும் ஒரு கையெழுத்து போடுங்கப்பா” என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. அதே ரோட்டில் போன மழைக்காலத்தில் அவளுக்கு இழுப்பு கண்டது. ஆட்டோக்காரர் பாலத்தோடு நின்றுகொண்டு, “உள்ள வந்தா வண்டி மாட்டிக்கும், நீங்களே கூட்டியாந்துடுங்க” என்று போனில் சொன்னார். கணுக்கால் சேற்றில் நான்கு இடத்தில் நின்று நின்று அவளைப் பாலம்வரை நடத்திக்கொண்டு போனேன். அதை நினைத்துக்கொண்டுதான் போட்டேன். முன்னால் நாலு பேர் போட்டிருந்தார்கள் என்பதும் ஒரு காரணம். இல்லையென்று சொல்லமாட்டேன். கையில் மண் இருந்தது. பெயரை எழுதினேன். கை அதன்பாட்டுக்குக் கீழே மூன்று கோடு போட்டது.

அதே வாரம் வீட்டுக்கு வேறொரு தாள் வந்தது. என் மனைவியோடு ஏரி வேலைக்குப் போகிற பெண்கள் வந்திருந்தார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் வருகிற அக்கா ஒருவர் உண்டு, குரல் பெரிது. “ஊராட்சிய ஊராட்சியாவே வுடுங்கன்னு எழுதியிருக்குது. ஆம்பளைங்களும் போடணும்” என்றார். என் மனைவிதான் பேனாவை நீட்டினாள். ஏற்கெனவே ஒன்று போட்டாகிவிட்டது என்று அத்தனை பேர் எதிரில் எப்படிச் சொல்வது? போட்டேன். மூன்று கோடும் சேர்த்து.

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி கிடையாது. இரண்டிலும் போட்டால் கேஸ் ஆகுமா? ரேஷன் கார்டில் ஏதாவது செய்வார்களா? பக்கத்து மேசையில் வார்க்கிறவன் என்னை மாமா என்று கூப்பிடுகிறவன், எங்கள் தெருக்காரன். அவனிடம் யாருக்கோ கேட்பதுபோல் கேட்டேன்.

“ஒருத்தரு ரெண்டு மனுவுலயும் கையெழுத்து போட்டுட்டாராம். என்னா ஆவும்?”

“யாரு மாமா அது?”

“யாரோ.”

“அந்த யாரோ போடறப்ப கையில மண்ணு இருந்துச்சா?”

நான் அச்சைத் திருப்பி வைப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கிராம சபைக் கூட்டம் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பந்தல் போட்டு நடந்தது. ஊராட்சித் தலைவர் மைக்கைப் பிடித்து, சேர்க்கக் கூடாது என்று தீர்மானம் போடப்போவதாகச் சொன்னார். அப்புறம், “ஆனா நம்ம ஊர்லேர்ந்தே கொஞ்ச பேரு சேக்கச் சொல்லி மனு குடுத்துருக்காங்க. நகல் எனக்கும் வந்துருக்குது” என்றார். பெண்கள் பக்கம் ஒரே சத்தம். பெரிய குரல் அக்கா எழுந்து போய் அந்தத் தாளை வாங்கித் தன்னிடமிருந்த தாளோடு சேர்த்துப் பிடித்தார். பெயர்களைப் படிக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இதென்னா, ரெண்டுலயும் மூணு கோடு?”

பின்னாலிருந்து என்னை மாமா என்பவன் கத்தினான்: “ஜாடிய கவுத்துப் பாருங்கக்கா, அங்கயும் இருக்கும்!”

பந்தலே சிரித்தது. பாதிப் பேர் யூனிட்களில் வேலை செய்கிறவர்கள். என் பக்கம் திரும்பினார்கள். நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஒன்பது வருடம் நான் வார்த்த ஜாடிகளைத் தேய்த்தவள் அவள். அடியில் இருக்கிற கோடு அழிந்துவிடாமல் பார்த்துப் பார்த்துத் தேய்ப்பாள். அவளுக்குத்தான் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

“எழுந்து சொல்லுங்க, சேரணுமா வேணாமா?” என்றார் தலைவர்.

எழுந்தேன். “ரோடு வேணும், அதுக்கு ஒன்னு போட்டேன். வேலயும் வேணும், அதுக்கு ஒன்னு போட்டேன்.”

“அவருக்குக் கல்யாணமும் ஆவணும், பிரம்மச்சாரியாவும் இருக்கணும்!” என்று யாரோ சொன்னார்கள்.

அக்கா மட்டும் சிரிக்காமல், “யாரப் பாத்துண்ணே பயந்த?” என்றார்.

“ரெண்டு பேரயும் பாத்து” என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அதற்கும் சிரித்தார்கள். ஒன்றை வாபஸ் வாங்குங்கள், இல்லாவிட்டால் இரண்டும் செல்லாது என்று சொல்லி என்னை உட்கார வைத்தார் தலைவர்.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் முன்னால் நடந்தாள். குழாயடி வந்ததும் நின்றாள்.

“மழையில ஆட்டோ வராதத நெனச்சுப் போட்டீங்களா?”

“ஆமா.”

“அன்னிக்கி எனக்கு மூச்சு அடச்சது ரோட்டாலயா?”

அவள் கம்மாபுரம் பக்கத்துக்காரி. நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டு இடம் மாறிய ஊர்களைச் சின்ன வயதில் பார்த்தவள். “தாள்ல போடறதுக்கு ஒரு நிமிசம்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மறுநாள் முதலாளியிடம் போனேன். சூளையிலிருந்து இறக்கிய ஜாடிகள் வரிசையாக நின்றன. அவர் ஒவ்வொன்றாக விரல் முட்டியால் தட்டிக்கொண்டு போனார். நல்ல ஜாடி கணீர் என்னும். உள்விரிசல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும் மந்தமாக வரும். என் கையெழுத்தை எடுத்துவிடச் சொன்னேன்.

“எடுத்துக்கய்யா, நான் என்னா புடிச்சுக்கிட்டா இருக்கேன்? தாளு ஆபீசுக்குப் போயிடுச்சு. நீயே ஒன்னு எழுதிக் குடுத்துடு” என்றார். கோபம் இல்லை. தட்டிக்கொண்டே, “நீ ஏன் இவ்ளோ கவலப்படுற? உன் வூட்டம்மா அப்பவே வந்து கேட்டுச்சே. ஒருவேள ஊரு சேந்துடுச்சுன்னா பினிஷிங்ல எடம் இருக்குமான்னு. இருக்கும்னு சொல்லியிருக்கேன்” என்றார்.

அவர் எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். பக்கத்திலிருந்த ஜாடியை நான் தட்டினேன். கணீர் என்றது. இன்னொரு முறை தட்டினேன்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு நகராட்சி ஆபீசுக்குப் போனேன். வெளியே மனு எழுதித் தருகிறவர் இருந்தார், நானே எழுதினேன். நாலு வரிக்கு ஒரு மணி நேரம் ஆனது. முந்தைய மனுவில் இட்ட கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதியிருந்தேன். உள்ளே மேசையிலிருந்த அம்மா படித்துவிட்டு, “காரணம் எழுதலியே?” என்றார். வாங்கி, அங்கேயே நின்று எழுதினேன்: என் மனைவிக்கு மண் தூசி ஆகாது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “இதுக்கும் எல்லைக்கும் என்னாங்க சம்மந்தம்?”

சொல்ல ஆரம்பித்தேன். ஜாடி, பினிஷிங், டாக்டர், ஏரி வேலை என்று எங்கிருந்தோ எங்கேயோ போனது. பின்னால் நின்றவர் செருமினார். அந்த அம்மா தலையாட்டிவிட்டு, “சரி, கையெழுத்து போடுங்க” என்றார். பெயரை எழுதினேன். இந்த முறையும் கை மூன்று கோட்டைப் போட்டுவிட்டது. அடிக்கவில்லை. மூன்று தாளையும் வைத்துப் பார்த்தால் ஒரே ஆள்தான் என்று தெரியட்டும் என்று விட்டுவிட்டேன். பாலம் தாண்டியதும், அது தப்போ, திரும்பிப் போய் அடித்துவிட்டு வரலாமோ என்று வண்டியை நிறுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

இதைச் சொல்கிறவரை உத்தரவு ஒன்றும் வரவில்லை. வரும் என்கிறார்கள், வராது என்கிறார்கள்.

நான் வீட்டுக்கு வந்தபோது அவள் ஏரி வேலை முடிந்து வாசலில் மண்வெட்டியைக் கழுவிச் சாத்திக்கொண்டிருந்தாள்.

“குடுத்தீங்களா?”

“குடுத்தேன்.” அப்புறம் கேட்டேன்: “எடம் கேட்டு வெச்சிருக்கியாமே?”

அவள் கையைச் சேலையில் துடைத்தாள். “கேட்டு வெக்கிறதுல என்னா இருக்குது? மூக்குல துணிய கட்டிக்கிட்டு ஒக்காந்துக்குறேன். அது வர்றப்ப பாப்போம். நீங்க ரெண்டு தாள்ல போடலாம், நான் ரெண்டு எடத்துல கேக்கக் கூடாதா?”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு இருமல் வந்தது.

“தண்ணி பொரையேறிடுச்சு” என்றாள்.

அவள் தண்ணீர் எதுவும் குடித்திருக்கவில்லை. அவள் சோறு எடுத்துவைக்க உள்ளே போனாள். இன்னொரு முறை வருகிறதா என்று காதைக் கொடுத்தபடி நான் வாசலிலேயே நின்றேன்.