வெங்காயம் உரித்த வீடு

நேற்று மாலை ஐந்து பத்து. மகளின் பள்ளி வேன் வர வேண்டிய நேரம் கடந்து அரை மணியாகியிருந்தது. ஓட்டுநர் போனை எடுக்கவில்லை. எங்கள் ஃபேர்லேண்ட்ஸ் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் முதன்முறையாக எழுதினேன்.

ஞாயிறுதோறும் மொட்டைமாடி உடற்பயிற்சிக்குக் கூப்பிடும் கீழ்வீட்டு சரசக்கா, பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரோடும் ஒரு முறம் சின்ன வெங்காயத்தோடும் வந்தார்.

“எத்தன தடவ கூப்புட்டும் நீங்க வல்ல. அதான் நாங்களே வந்துட்டோமுங்க. எங்க ஊட்டுக்காரரு வேனைத் தேடிப் போயிருக்காரு. நீங்க உரிங்க.”

காரம் மூக்கில் ஏறியதும் நாமக்கல் வீடு வந்துவிட்டது. அப்பா லாரி ஓட்டினார். வடக்கே போன வண்டியிலிருந்து சேதி வராத நாட்களில், தெருப் பெண்கள் தங்கள் வெங்காயத்தை எங்கள் வீட்டில் வந்து உரிப்பார்கள். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள்.

“உங்க ஊட்ல எடமே இல்லீங்களாக்கும்?” என்று அலுத்துக்கொண்டே அம்மாவும் உரிப்பார், முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி. அவர் தாராளமாக அழட்டும் என்றுதான் அந்த வெங்காயம். இத்தனை வயதுக்குப் பிறகு நேற்றுதான் எனக்கு அது புரிந்தது.

ஆறேகாலுக்கு மகள் வந்தாள். பின்னால் சரசக்காவின் கணவர், அவள் பையைச் சுமந்துகொண்டு.

“வேன் ரிப்பேரும்மா,” என்றவள் எங்கள் நால்வரையும் பார்த்தாள். “ஏன் எல்லாரும் அழுவுறீங்க?”

“வெங்காயஞ் சாமி, நெம்பக் காரம்,” என்றார் சரசக்கா.