சின்னவளும் நிரம்பி வழியும் பெட்டிகளும்

ஆபீஸ் ஆண்டு மலருக்கு என் ஓரகத்தியைப் பத்தி எழுதணுமாம். அதுவும் யாரு? நானாம். "ஒரே வீட்டுல இருக்கீங்க, உங்களை விட யாருக்கு அவங்களைத் தெரியும்?"னு சொல்லிட்டுப் போயிட்டார் மலர் வேலை பார்க்கிறவர். அரைப் பக்கத்துக்கு நல்லதா நாலு வார்த்தை எழுதிக் கொடுத்துட்டேன். அதுல போடாததை இங்க எழுதறேன். உள்ளே வெச்சுப் புழுங்கினா எனக்குத்தானே ரத்தக் கொதிப்பு!

அவ என் கொழுந்தன் பெண்டாட்டி. வீட்டுல எல்லாரும் சின்னவள்னு கூப்பிடுவாங்க, நான் பெரியவ. மாடியில அவங்க, கீழே நாங்களும் மாமியாரும். லிஃப்ட் பொருத்திப் பராமரிக்கிற கம்பெனியில எனக்கு வேலை. கல்யாணமாகி வந்த புதுசுல, "அக்கா, வீட்டுல சும்மா இருக்கப் பிடிக்கலை"ன்னு கண்ணைக் கசக்கினா. ஐயோ பாவம்னு நானே மேனேஜர்கிட்ட சொல்லி, போன் எடுக்கிற வேலையில சேர்த்துவிட்டேன். சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிறதுன்னா இதுதான்.

போன் எடுக்கிறவ போனோட இருக்க வேண்டியதுதானே? கம்ப்யூட்டர் பார்த்துக்கிட்டிருந்தவர் இவளுக்குப் பக்கத்து சீட். அவர் பண்றதை எல்லாம் எட்டி எட்டிப் பார்த்துக் கத்துக்கிட்டா. லீவு நாள்லகூட மாடிப்படியில உட்கார்ந்து ஒரு தடிப் புத்தகத்தைப் படிப்பா. அவர் வேற கம்பெனிக்குப் போனதும், "இந்தம்மாவுக்கே எல்லாம் தெரியுமே"ன்னு மெயில் பொறுப்பு மொத்தமும் இவ கைக்கு வந்துடுச்சு.

எங்க ஆபீஸ்ல ஆளுக்கொரு மெயில் பெட்டி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு அளவு. நிரம்பிடுச்சுன்னா முதல்ல நம்ம மெயில் வெளியே போகாது, அப்புறம் அடுத்தவங்களுது உள்ளே வராது. உடனே சின்னவகிட்டதான் ஓடணும். பழசை எல்லாம் ஆர்க்கைவ்னு தனியா ஒரு இடத்துக்கு நகர்த்தி, பெட்டியில இடம் பண்ணிக் கொடுப்பா. அதையாவது கமுக்கமா செஞ்சாளா? பக்கத்துல நாற்காலி போட்டு உட்கார வெச்சு, ஒவ்வொண்ணா கேட்பா. சேல்ஸ்காரர் பெட்டி முழுக்க அவர் குழந்தை தவழற வீடியோ. "அண்ணா, இதை அழிக்க மாட்டேன், பென்டிரைவ்ல போட்டுத் தரேன். ஆனா இந்த விளம்பரம் எல்லாம் எதுக்கு?"ம்பா. மனுஷன் உருகிப் போயிடுவார். டிராயிங் போடற அம்மா ஒரு கோட்டை மாத்தினாலும் ஒரு படம்னு சேர்த்து வெச்சிருப்பாங்க. "கடைசிப் படத்தை மட்டும் இங்க வெச்சுக்கலாமா அக்கா?"ன்னு தலையைச் சாய்ச்சுக் கேட்பா. பெட்டி காலியாகுதோ இல்லையோ, மனசுல இருக்கிறதை எல்லாம் இவகிட்ட கொட்டிட்டு எழுந்து போவாங்க.

என் மேஜையைத் தாண்டித்தான் அவ மேஜைக்குப் போகணும். பிஸ்கட் பாக்கெட்டோட போறவங்க, டீயோட போறவங்க, ஒருத்தராவது என் பக்கம் திரும்பணுமே! வேலையில சேர்த்துவிட்டவ இங்க குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கேன். உனக்குப் பொறாமையான்னு கேட்டா, ஆமாம், பொறாமைதான். வயிறு எரியுது. அதை ஏன் மறைக்கணும்?

வீட்டுலயாவது நிம்மதி உண்டா? சின்னவ டம்ளரை உடைச்சா, "கை வழுக்கியிருக்கும், பாவம்"பாங்க மாமியார். நான் உடைச்சா, "கவனம் எங்கே இருக்கு?" மண்குடம் பொன்குடம் கதை மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவுலதான்னு நினைச்சிருந்தேன், ரெண்டு மருமகளுக்கு நடுவுலயும் உண்டு. என் வீட்டுக்காரரோ, போன்ல எழுத்து சின்னதாத் தெரிஞ்சாக்கூட, "சின்னவகிட்ட கேட்டுட்டு வரேன்"னு மாடி ஏறிடுவார்.

இந்த லட்சணத்துல என் மெயில் பெட்டி நிரம்பிச்சு. அவகிட்ட போய்க் கைகட்டி நிக்கிறதா? செத்தாலும் மாட்டேன். நானே தட்டித் தடவி ஒரு வழி கண்டுபிடிச்சேன். அழிச்ச மெயில் போய் விழற குப்பைப் பெட்டி இருக்கு பாருங்க, அதுல எவ்வளவு கிடந்தாலும் அளவுல சேராது. எந்தக் கட்டடத்துக்காரர் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிச்சார், யார் முறைச்சுக்கிட்டுப் போனார், அத்தனையையும் குப்பைக்குள்ளேயே கட்டடம் வாரியா பிரிச்சு அழகா அடுக்கி வெச்சேன். சின்னவ தயவு இல்லாம எனக்குப் பிழைக்கத் தெரியாதா என்ன? அதோட இன்னொரு ஏற்பாடும் பண்ணினேன். அவ பேர்ல வர்ற மெயில் எதுவும் என் கண்ணுல படாம நேரா அதே குப்பைக்குப் போயிடும். வாரம் தவறாம "பெட்டியைக் காலி பண்ணுங்க"ன்னு அவ பாடற பாட்டை யார் கேட்டுக்கிட்டு இருக்கிறது?

எங்க பிரிவுத் தலைவர் ஓய்வு பெறப்போறார்னு தெரிஞ்சதிலிருந்து எனக்குத் தூக்கம் போச்சு. அந்த இடம் எனக்கு வரணும். தலை நரைக்கிற வரைக்கும் அந்த ஒப்பந்தங்களைக் கட்டிக்கிட்டு அழுதவ நான்தான். ஆனா சாப்பாட்டு நேரத்துல ஒரு பேச்சு காதுல விழுந்துச்சு: மேனேஜர் சின்னவளைக் கூப்பிட்டு, "நீங்க அந்தப் பொறுப்புக்கு வர்றீங்களா?"ன்னு கேட்டாராம். டிபன் பாக்ஸை அப்படியே மூடிட்டேன். இடம் கொடுத்தா மடத்தைப் பிடுங்கறதுன்னா இதுதானே! அவ என்ன பதில் சொன்னான்னு யாருக்கும் தெரியலை. அவளைக் கேட்க எனக்கு வாய் வரலை. மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "எந்தக் கட்டடம் நம்மகிட்ட நீடிக்கும், எது கைவிட்டுப் போகும், யார்கிட்ட என்ன பேசியிருக்கோம், எல்லாம் திங்கட்கிழமை எனக்கு வேணும். அதைப் பார்த்துட்டுத்தான் யாருக்குன்னு முடிவு பண்ணுவேன்"ன்னார். அப்பாடா, இதுல என்னை யார் அடிச்சுக்க முடியும்னு நினைச்சேன்.

வெள்ளிக்கிழமை காலையில திறந்தா, குப்பைப் பெட்டி துடைச்சு விட்ட மாதிரி இருக்கு. பேருக்கு ஒரு கட்டடம்கூட இல்லை. பக்கத்து சீட்காரரைக் கேட்டேன். "மாசத்துக்கு ஒரு தடவை குப்பை மொத்தமும் தானா காலியாகிடும், நேத்து ராத்திரிதான் முதல் தடவைன்னு புது விதி வந்துச்சே. உங்க ஓரகத்திதான் திரும்பத் திரும்ப மெயில் போட்டாங்களே, பார்க்கலையா? ஐயையோ, குப்பையிலயா வெச்சிருந்தீங்க?"ன்னு சிரிச்சார் வேற.

சமயம் பார்த்துக் கழுத்தை அறுத்துட்டா பாவின்னுதான் எனக்குத் தோணிச்சு. அந்தக் கோபத்தோடதான் அவ மேஜைக்குப் போனேன். போய் நின்னதும் கோபம் எங்கே போச்சோ, அழுகைதான் வந்துச்சு. "எல்லாம் போச்சுடி"ன்னேன்.

"உட்காருங்க அக்கா. குப்பையிலிருந்து போனாலும் கொஞ்ச நாள் சர்வர்ல இருக்கும், எடுத்துடலாம். அழாதீங்க, எல்லாரும் பார்க்கறாங்க."

ஊரே உட்கார்ந்துட்டுப் போன நாற்காலியில நானும் உட்கார்ந்தேன். அவ என்னென்னமோ தட்டினா. ஒவ்வொரு கட்டடமா திரும்பி வந்துச்சு. கூடவே அவ பேரும் வந்துச்சு. வரிசையா, திரை முழுக்க அவ பேர்தான். படிக்காத மெயில்னா எழுத்து தடிச்சுத் தெரியும். அத்தனையும் தடிச்சே இருந்துச்சு. அவ விரல் அப்படியே நின்னுடுச்சு.

எல்லாருக்கும் அனுப்பின அறிவிப்பு மட்டும்னா பரவாயில்லை. எனக்கு மட்டும் எழுதினதும் இருந்துச்சு. திறக்காமலே முதல் வரி தெரிஞ்சுது. "அக்கா, உங்க குப்பைப் பெட்டி ரொம்பப் பெரிசா இருக்கு, முக்கியமானது இருந்தா எடுத்துடுங்க." "அக்கா, நானே வந்து மாத்தித் தரட்டுமா?" "அக்கா, மேனேஜர் கேட்டார், அக்கா இருக்கும்போது நான் எப்படி வருவேன்னு சொல்லிட்டேன்."

"ஏன், இதை வீட்டுல வாயால சொன்னா என்னவாம்?"னு கேட்டேன். அந்த நிலைமையிலயும் என் வாய் அடங்கலை.

"அத்தை எதிர்ல சொன்னா உங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்னுதான் அக்கா"ன்னா. குரல் கொஞ்சமும் மாறலை. "திங்கட்கிழமைக்கு வேணுங்கிறதை முதல்ல எடுத்துடறேன்"னு வேலையைப் பார்க்க ஆரம்பிச்சுட்டா.

பதவி எனக்குத்தான் கிடைச்சுது. மேனேஜர் எல்லார் முன்னாடியும் கைகொடுத்தார். மாமியார் கடைக்குப் போனா, "எங்க பெரியவ இருக்காளே"ன்னு ஆரம்பிக்கிறாங்க. அவ மெயிலை எல்லாம் நான் குப்பையில தள்ளினது ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது, அவ மூச்சு விடலை. சண்டை போட்டிருந்தாலாவது நானும் நாலு வார்த்தை திருப்பிப் பேசி ஆறியிருப்பேன். வீட்டுல எப்பவும் போலத்தான் இருக்கா. காபி வேணுமா அக்கா, மழை வருது துணியை எடுக்கட்டுமா அக்கா, ஒரு குறையும் சொல்ல முடியாது.

அந்த ஏற்பாட்டை நான் அன்னைக்கே எடுத்துட்டேன். இப்போ அவ அனுப்பறது எல்லாம் நேரா என் கண்ணுக்கு வருது. எல்லாருக்கும் போற அறிவிப்புதான், எனக்குன்னு ஒரு வரி கிடையாது. போன வாரம் என் பெட்டி மறுபடி நிரம்பிச்சு. வேணும்னேதான் நிரப்பினேன், பெரிய பெரிய டிராயிங்கா என் பேருக்கே அனுப்பிக்கிட்டேன். மெயில் வந்துச்சு. "அன்புடையீர், தங்கள் பெட்டி அளவைத் தாண்டிவிட்டது. பழைய மெயில்களை அகற்றவும்." அவ்வளவுதான்.

கேட்ல இருக்கிற வாட்ச்மேனுக்கும் ஒரு மெயில் பெட்டி உண்டு, உள்ளே வர்ற வண்டியைப் படம் எடுத்து அனுப்பறதுக்கு. அவருக்கும் நிரம்பியிருக்கு. கண்ணாடி கொண்டு வரலைன்னு சொல்லி, சின்னவகிட்டேயிருந்து வந்த மெயிலை என்னைப் படிக்கச் சொன்னார். "அண்ணா, வண்டிப் படம் நிறைய சேர்ந்துடுச்சு. நீங்க சிரமப்படாதீங்க, சாயங்காலம் நானே வந்து சரி பண்ணித் தரேன்."

"தங்கமான பொண்ணும்மா"ன்னார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த கேட்டைப் பிடுங்கி எறிஞ்சிருப்பேன். மேனேஜர் ரூமுக்குப் பக்கத்து ரூம் எனக்கு, கேட் ஓரத்துல ஒரு ஸ்டூல் அவருக்கு. அந்த மனுஷனைப் பார்த்து எனக்கு வயிறு எரியுது. அவர் விடறதா இல்லை. "எப்போ வராங்கன்னு போட்டிருக்கு? இன்னொரு தடவை படிங்கம்மா"ன்னார்.

"அண்ணா"ன்னு மறுபடி ஆரம்பிச்சேன். அதுக்கு மேல என்னால படிக்க முடியலை.